வாளிக்கு லைசென்ஸ்

"அந்த ஸ்டிக்கரச் சுரண்டுன கைய வெட்டி ஓடையில போடணும்!"

விஜயகலா கத்தியது ஊரானைப் பார்த்து அல்ல, பெற்ற தகப்பனைப் பார்த்து. தொழிலாளர் லயத்தில் இருந்த அவர்கள் காம்பராவுக்குள் ஈர விறகு புகைந்துகொண்டிருந்தது. ரொட்டி தட்டிக்கொண்டிருந்த சுப்பம்மா மாவுக் கையோடு ஓடிவந்து மகளின் வாயைப் பொத்தினாள்.

"ஏண்டி, அப்பன்கிட்ட பேசுற பேச்சாடி இது? லயமே கேக்குது!"

"கேக்கட்டும்! நல்லாக் கேக்கட்டும்!"

அழகமுத்து வாசற்படியில் குந்தியபடி மழையைப் பார்த்துக்கொண்டிருந்தார். சுரண்டியது அவர்தானே.

பெத்த அப்பனை இப்படிப் பேசலாமா என்று குறை சொல்ல வருகிறவர்கள், அந்தக் கம்ப்யூட்டர்ப் பெட்டி வந்த கதையைக் கேட்டுவிட்டுப் பேசட்டும். இலங்கையில் ருவான்வெல்லைக்கு மேலே அவர்கள் குடியிருந்த ரப்பர் தோட்டத்து ஆபீசில் 2005இல் புதுக் கம்ப்யூட்டர்கள் வந்து இறங்கின. பழையது ஒன்று மேசைக்கடியில் கரப்பான் பூச்சி குடியிருக்கக் கிடந்தது. கேகாலையில் ஆறு மாதக் கோர்ஸ் முடித்துவிட்டு வீட்டில் இருந்த விஜயகலாவைப் பெரிய கிளாக்கர் கூப்பிட்டு, ஆபீஸ் பதிவுப் புத்தகங்களை டைப் அடித்துத் தந்தால் பழையதை எடுத்துக்கொண்டு போகலாம் என்றார். நாலு மாதம் அடித்தாள். செத்தவர்கள் பெயரும் பிறந்தவர்கள் பெயருமாக, கண் எரிய எரிய அடித்தாள். கடைசியில் தோட்டத்து மேனேஜரான துரை கையெழுத்துப் போட்ட ஒரு துண்டுக் கடிதமும் பெட்டியும் கைக்கு வந்தன. பெட்டியின் பக்கத்தில் ஒரு ஸ்டிக்கர், நடுவே வெள்ளிப் பட்டை ஓடியது. பெரிய கிளாக்கர் அதைப் பென்சிலால் தட்டிக் காட்டினார்.

"இதுதான் புள்ள லைசென்சு. உள்ளுக்கு இருக்கிற விண்டோசுக்கு அத்தாட்சி. பெட்டி எங்க போகுதோ இதுவும் அங்க போகும். பத்திரம்."

ரப்பர்ப் பால் வெட்டும்போது இடுப்பில் கட்டுகிற பொலித்தீனைச் சுற்றி, அழகமுத்துதான் அதைத் தலையில் சுமந்து மூன்று மைல் இறங்கிப் பசாருக்குக் கொண்டுபோனார். கபூர் நானா தன் சில்லறைக் கடையில் இரண்டு அரிசிச் சாக்கை நகர்த்தி ஒரு மேசைக்கு இடம் விட்டார். அன்றிலிருந்து சுற்றுவட்டாரத் தோட்டத்துச் சனத்துக்கு அடையாள அட்டை விண்ணப்பம், பென்ஷன் கடிதம், பாஸ்போர்ட் சைஸ் படம், எல்லாம் அந்த மேசைதான். தமிழிலும் அடிப்பாள், சிங்களத்திலும் அடிப்பாள்.

கண்டவன் எல்லாம் பென் டிரைவைக் கொண்டுவந்து செருகியதில் ஒரு வருடத்துக்குள் பெட்டிக்கு வைரஸ் பிடித்தது. கோர்ஸ் படிப்பித்த ஜெறோம் சேர் ஒரு சீடித் தட்டு கொடுத்தார். லினக்ஸ் என்று பெயர். "இதுக்கு யாருக்கும் ஒண்ணும் குடுக்க வேண்டியதில்ல. நீயும் போட்டுக்க, நாலு பேருக்கும் குடு. குடுக்கலாம்ங்கிறதுதான் இதோட லைசென்ஸே" என்றார். அவள் விண்டோசை எடுக்காமல், பக்கத்திலேயே இடம் பிரித்து லினக்சையும் ஏற்றினாள். பெட்டியைப் போட்டால் கறுப்புத் திரையில் இரண்டு வரி வரும். எது வேண்டுமோ அதில் போய் எண்டரைத் தட்ட வேண்டும். பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துருவில் அடித்த கடிதங்களும் படங்களும் விண்டோசில் இருந்தன. சந்தேகத்துக்கு இடமான பென் டிரைவ் வந்தால் லினக்சில் திறப்பாள். ஒரு பெட்டிக்குள் இரண்டு, இரண்டுக்கும் சண்டை இல்லை. சண்டை எல்லாம் வெளியில் இருக்கிறவனுக்குத்தான்.

2008ஆம் வருஷம் ஆயுத பூஜை வந்தது. அழகமுத்து இருபத்தெட்டு வருடமாகப் பால் வெட்டுகிறவர். வெட்டுக் கத்தி, வாளி, உளி எல்லாவற்றையும் தேய்த்துக் கழுவி, காய்ந்து ஒட்டியிருக்கும் ரப்பர்ப் பாலைப் பொருக்குப் பொருக்காகச் சுரண்டி எடுத்த பிறகுதான் சந்தனம் வைப்பார். அழுக்கோடு ஆயுதத்தைச் சாமிக்கு முன்னால் வைக்கக் கூடாது என்பது அவர் கொள்கை. மகளுடைய ஆயுதத்தையும் விடவில்லை. கபூர் நானாவிடம் கேட்டுக்கொண்டு கடைக்குப் போனார். "ஒங்கட பூசைய நீங்க செய்ங்க அண்ணே, சாம்பிராணிய மட்டும் சாக்குக்குக் கிட்ட கொண்டு போக வாணாம்" என்று சொல்லிவிட்டு நானா தொழப் போனார். விஜயகலா பூ வாங்கப் போயிருந்தாள். திரும்பி வந்தபோது பெட்டி பளபளவென்று இருந்தது. மூன்று பட்டை விபூதி, நடுவில் சந்தனம், குங்குமம். அவளும் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். அதற்கடியில் என்ன இருந்தது என்று அவளுக்கு அப்போது ஞாபகம் வரவில்லை.

பன்னிரண்டு நாள் கழித்து, ஒரு செவ்வாய்க்கிழமை, கடை வாசலில் ஜீப் வந்து நின்றது. யாரோ மொட்டைக் கடுதாசி போட்டிருந்தான். எவன் என்று இன்றுவரை தெரியாது. லைசென்ஸ் இல்லாத கம்ப்யூட்டர்களைப் பிடிக்கக் கொழும்பிலிருந்து வந்த பரிசோதகர் ஒருவரும், அவருக்குக் குடை பிடிக்க ஒரு கான்ஸ்டபிளும் இறங்கினார்கள்.

"லைசன் எக கோ?" என்றார் பரிசோதகர், லைசென்ஸ் எங்கே என்று. அவர் பேசியது முழுக்கச் சிங்களம். விஜயகலாவும் தடுமாறாமல் சிங்களத்திலேயே பேசினாள். பெட்டியைத் திருப்பி, "இந்தா இருக்கு மாத்தையா" என்று கை நீட்டினாள்.

நீட்டிய இடத்தில் குங்குமப் பொட்டு இருந்தது.

"மொக்கத மே?" என்று அவர் பேனாவால் பொட்டைத் தொட்டார். இது என்ன என்று கேட்டதற்குக் கான்ஸ்டபிள் சிரித்தான். அவள் விரலால் விபூதியைத் தேய்த்துப் பார்த்தாள். வழுவழுவென்று தகரம்தான் இருந்தது.

துரை கொடுத்த துண்டை எடுத்துக் காட்டினாள். அதில் "பழைய கம்ப்யூட்டர் ஒன்று" என்றுதான் இருக்கிறது, உள்ளே இருப்பதைப் பற்றி ஒரு சொல் இல்லை என்று அவர் மடித்துத் திருப்பிக் கொடுத்தார். பெட்டியைப் போடச் சொன்னார். கறுப்புத் திரையில் இரண்டு வரி வந்தது.

"ஆ! கடிதத்துல சொன்னது சரி. ரெண்டு வச்சிருக்கே. ரெண்டுக்கும் ரெண்டு லைசென்ஸ் வேணும்."

"ரெண்டாவதுக்கு வேணாம் மாத்தையா. அது இனாம்."

"இனாமா? யாரு குடுத்தது?"

"யாருன்னு இல்ல. உலகத்துல இருக்கிறவங்க சேர்ந்து செஞ்சு எல்லாருக்கும் குடுக்கிறாங்க."

"உங்க ஆட்களுக்கு யாரு நங்கி சும்மா குடுக்கிறது? எதுக்குக் குடுக்கிறான்?" நங்கி என்று தங்கை முறை கொண்டாடியபடியே அவர் குரலை இறக்கினார். "இந்தக் காலத்துல ஒரு தமிழ்ப் பொண்ணு பெட்டிக்குள்ள ரெண்டாவதா ஒண்ணை ஒளிச்சு வச்சா என்ன நினைப்பாங்க?"

ஒளித்து வைத்தாளாம்! திரையில் கொட்டை எழுத்தில் வருவதற்குப் பெயர் ஒளித்து வைப்பதாம். வடக்கில் சண்டை நடந்துகொண்டிருந்த காலம் அது. பஸ்சில் தமிழ் பேசினால் திரும்பிப் பார்த்த காலம். கபூர் நானா கண்ணால் சாடை காட்டினார், "ஒண்டும் செல்ல வாணாம் மகள்" என்று. அவள் பல்லைக் கடித்துக்கொண்டு அடையாள அட்டையை நீட்டினாள். அவர் அதைப் பார்த்து லய இலக்கம்வரை எழுதிக்கொண்டார். வெள்ளிக்கிழமைக்குள் இரண்டு லைசென்சும் காட்ட வேண்டும், இல்லையென்றால் பெட்டி கோர்ட்டுக்குப் போகும் என்று சொல்லிவிட்டு, நானா கொடுத்த பிளேன்டீயைக் குடித்துவிட்டுப் போனார்.

இப்போது சொல்லுங்கள், அவள் கத்தாமல் என்ன செய்வாள்? ஒரு மாதமாக மழை. மரத்துப் பட்டை காயாமல் பால் வெட்ட முடியாது. வெட்டினாலும் சிரட்டையில் தண்ணீர்தான் நிற்கும். வெட்டு இல்லாத நாளுக்குச் செக்ரோலில் பேர் விழாது, பேர் விழாத நாளுக்குச் சம்பளம் கிடையாது. அந்த வீட்டில் அடுப்பு எரிந்ததே அந்தப் பெட்டியால்தான்.

"எங்கப்பா போட்டீங்க அத? அதையாவது சொல்லித் தொலைங்க!"

அழகமுத்து எழுந்தார். மழையில் இறங்கி லயத்துக் கோடிப் பக்கம் போனார். நனைந்துகொண்டே திரும்பி வந்தவர் கையில் அவருடைய பால் வாளி இருந்தது. விளக்குக்கு நேரே தூக்கிப் பிடித்தார்.

"போடலம்மா. ஒட்டி வச்சிருக்கேன்."

வாளியின் வயிற்றில் அந்த ஸ்டிக்கர், ஒரு முனைகூடக் கிழியாமல், வெள்ளிப் பட்டை மின்ன ஒட்டிக்கொண்டிருந்தது. வேறு யார் எடுத்திருந்தாலும் அது நார் நாராகக் கிழிந்திருக்கும். மரத்துக்குக் காயம் படாமல் பட்டையை மட்டும் சீவி எடுக்கிற கை அவருடையது.

"ஓரமெல்லாம் கறுத்துப் போயி அழுக்கா இருந்திச்சு. எடுத்துப் பாத்தா மினுமினுன்னு இருக்கு. குப்பையில போட மனசு வரல. நிறுவைக் கொட்டகையில எல்லார் வாளியும் ஒண்ணு போலத்தான இருக்கு, அடையாளத்துக்கு இருக்கட்டும்னு..."

"அடையாளத்துக்கு!" விஜயகலா தலையில் அடித்துக்கொண்டாள். ஆனாலும் மூச்சு வந்தது. கிழியவில்லை. எண்கள் அத்தனையும் தெளிவாக இருந்தன.

சுப்பம்மா ரொட்டியும் கட்டைச் சம்பலும் கொண்டுவந்து வைத்தாள். "ரெண்டாவதுக்கு என்னடி காட்டுவ?" என்றாள்.

"அதுக்குப் பேப்பரே கெடையாதும்மா. இல்லாத பேப்பருக்கு நான் எங்க போவேன்?"

அழகமுத்து ரொட்டியைப் பிய்த்தவாறே பேசினார். "எங்கப்பாவுக்கும் இதே கததான். இங்கயே பொறந்த மனுசன். பிரஜாவுரிமைக்குப் போனா, பொறந்ததுக்கு எங்கடா பேப்பர்ன்னு ஆபீசர் கேட்டான். நீ இந்தியாவா சிலோனா, ரெண்டுல ஒண்ணு சொல்லுன்னான். அவரு ஒண்ணும் சொல்லல. சாகுற வரைக்கும் ரெண்டுமில்லாமலே கெடந்தாரு."

"சொல்லாம விட்டதுதான் தப்பு" என்றாள் விஜயகலா. "நான் சொல்லுவேன்."

வெள்ளிக்கிழமை காலையில் தகப்பனும் மகளும் வாளியைத் தூக்கிக்கொண்டு பசாருக்கு இறங்கினார்கள். ஸ்டிக்கரைப் பெயர்த்துப் பெட்டியில் திரும்ப ஒட்ட அழகமுத்து கத்தியை எடுத்தார்தான். அவள்தான் தொட விடவில்லை. இரண்டாம் தடவை கிழிந்தால் யார் பதில் சொல்வது?

பத்து மணிக்கு ஜீப் வந்தது. மழைக்கு ஒதுங்கியவர்கள், வேடிக்கை பார்க்க வந்தவர்கள் என்று கடை நிறையச் சனம். விஜயகலா வாளியை மேசைமேல் தூக்கி வைத்தாள்.

"இந்தா மாத்தையா லைசென்ஸ். அப்பா பூஜைக்குக் கழுவுறப்ப தெரியாம எடுத்துட்டாரு. நம்பரப் பாருங்க, பெட்டிக்குள்ள இருக்கிற நம்பரோட ஒத்துப் பாருங்க."

பரிசோதகர் வாளியைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். பிறகு சிரித்தார். கான்ஸ்டபிளும் சிரித்தான். சிரித்து முடித்துவிட்டு அவர் சொன்னார், "ஸ்டிக்கர் பெட்டியில ஒட்டியிருக்கணும். பிச்சு எடுத்தா செல்லாது. அதான் சட்டம்."

"பிச்ச ஆளு இந்தா நிக்கிறாரு. பெட்டியும் இருக்கு, ஸ்டிக்கரும் இருக்கு. நம்பரும் ஒண்ணுதான்!"

"வாளியில இருக்கு."

"அப்ப என் வாளிக்கு லைசென்சு இருக்கு, அவ கம்ப்யூட்டருக்கு இல்லையா மாத்தையா?" என்று அழகமுத்து கேட்டார். நக்கலாகக் கேட்கவில்லை. அந்த மனுசன் உண்மையிலேயே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். கூட்டம் கொல்லென்று சிரித்தது. பரிசோதகர் முகம் சிவந்துவிட்டது.

"பெட்டியைத் தூக்கு" என்றார் கான்ஸ்டபிளிடம்.

விஜயகலா குறுக்கே நின்றாள். "நில்லுங்க. ஒங்களுக்கு என்ன பிரச்சினை? விண்டோசுக்கு லைசென்ஸ் இல்ல, அவ்வளவுதான? நான் அத அழிச்சிடுறேன். ஒங்க கண்ணு முன்னாலயே. அது இல்லாத பெட்டிய எந்தச் சட்டத்துல தூக்குவீங்க?"

அவர் யோசித்தார். ஜீப்பில் ஏற்றி, பதிந்து, கோர்ட்டுக்கு அலைவதைவிட இது லேசு என்று பட்டிருக்க வேண்டும். "ஹரி, அழி" என்றார், சரி என்று.

அவள் இரண்டாவது வரியில் எண்டரைத் தட்டினாள். லினக்ஸ் வந்தது. பெட்டியின் உள்ளிடம் முழுவதும் திரையில் ஒரு நீளக் கட்டமாக, இரண்டு நிறத்தில் தெரிந்தது. அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. அழியப்போவது விண்டோஸ் மட்டுமில்லை. மூன்று வருடக் கடிதங்களும் படங்களும் அதற்குள் இருந்தன. பக்கத்துக் காம்பரா ஹில்டா அக்காவின் புருஷன் அந்தனி அண்ணனை அடையாள அட்டைக்கென்று பிடித்த படம் அதில் இருந்தது. அட்டை வருமுன்னே மனுசன் மண்சரிவில் போய்விட்டார். ஆயுளில் அவரைப் பிடித்த படம் அது ஒன்றுதான். கிறிஸ்மஸ்ஸுக்குப் பெரிதாக்கித் தருகிறேன் என்று ஹில்டா அக்காவிடம் சொல்லி வைத்திருந்தாள்.

"மாத்தையா, ஒரே ஒரு படம். இந்தப் பக்கம் எடுத்து வச்சிக்கிறேன். செத்துப்போனவரோட படம்."

"திருட்டு லைசென்ஸ்ல இருந்து ஒண்ணும் எடுக்கக் கூடாது."

"படத்துக்கும் லைசென்சுக்கும் என்ன மாத்தையா சம்பந்தம்? ஒரு நிமிசம் போதும்!"

"அழிக்கிறியா, தூக்கவா?"

கபூர் நானா கல்லாவைவிட்டு எழுந்து வந்து, "சேர், அல்லாவுக்காக, ஒரு படம்தானே சேர்" என்று சிங்களத்தில் கெஞ்சினார். பரிசோதகர் மணிக்கூட்டைப் பார்த்தார். திருட்டாம். நாலு மாதம் கண் எரிய உழைத்து வாங்கிய பெட்டியில் திருட்டாம். விஜயகலாவுக்குக் கண்ணில் நீர் முட்டியது. இவன் முன்னால் அழுதால் நான் மனுசி இல்லை என்று நினைத்துக்கொண்டாள். மவுசை அமுக்கினாள். இரண்டு நிறத்தில் ஒன்று சாம்பலாகிப் போனது.

பெட்டியை அணைத்துத் திரும்பப் போட்டுக் காட்டினாள். கறுப்புத் திரையில் பழையபடி இரண்டு வரி வந்தது.

"இன்னும் இருக்கே!" என்று பரிசோதகர் துள்ளினார்.

"பேரு மட்டும்தான் இருக்கு. ஆளு இல்ல." விண்டோஸ் வரியில் எண்டரைத் தட்டினாள். ஒன்றும் வரவில்லை. ஆங்கிலத்தில் பிழை என்று ஒரு வரி வந்து நின்றது.

தன் விருப்பத்தோடு அழித்ததாக அவள் ஒரு வாக்குமூலம் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும் என்றார் பரிசோதகர். அதையும் அவளே அடிக்க வேண்டுமாம். அவர் சொல்லச் சொல்ல லினக்சில் சிங்களத்தில் அடித்தாள். பிரின்டர் கொஞ்சம் கோணலாக இழுத்துத் துப்பியது. அவர் பேனாவை நீட்டினார். அவள் வாங்காமல் இன்னொரு தாளில் மூன்று வரி அடித்து எடுத்து, அவர் முன்னால் வைத்தாள்.

"நீங்க இதுல போடுங்க. நான் அதுல போடுறேன்."

அவர் வாசித்தார். 'இப்பெட்டியில் இருக்கும் லினக்ஸ் இலவசமானது. இதற்கு எவரிடமும் லைசென்ஸ் வாங்க வேண்டியதில்லை. நேரில் பார்த்து உறுதி செய்தேன்.'

"இதுக்கு எதுக்கு நான் கையெழுத்துப் போடணும்? இனாம்தானே?"

விஜயகலா தாளை அவர் பக்கம் இன்னும் தள்ளினாள்.

"இனாம்னு செவ்வாய்க்கிழமை சொன்னேன். யாரு குடுத்தா, எதுக்குக் குடுத்தான்னு கேட்டது யாரு? ஒளிச்சு வச்சேன்னு சொன்னது யாரு? இன்னைக்கு நீங்க போயிடுவீங்க. நாளைக்கு இன்னொரு மாத்தையா வருவாரு, பேப்பர் எங்கன்னு கேப்பாரு. எங்க ஆளுங்களுக்குத்தான் யாரும் சும்மா ஒண்ணும் குடுக்க மாட்டாங்களே. அதனால நீங்க குடுங்க. கையெழுத்தும் சீலும்."

"கையெழுத்துப் போடாட்டி உன்னை..."

"என்ன, தூக்குவீங்களா? தூக்குங்க. எத வச்சுத் தூக்குவீங்க? நீங்க சொன்னத எல்லாம் செஞ்சிட்டேன். இவ்வளவு சனமும் பாத்துக்கிட்டுத்தான் இருக்கு."

வெளியே டிரைவர் ஹோன் அடித்தான். ஆற்றுத் தண்ணீர் ரோட்டுக்கு ஏறுகிறது, இப்போது புறப்படாவிட்டால் இன்றைக்குப் போக முடியாது என்று கத்தினான். அவளுடைய கையெழுத்து இல்லாமல் அவருடைய ஃபைல் மூடாது. பரிசோதகர் கூட்டத்தைப் பார்த்தார், மழையைப் பார்த்தார். அவள் நீட்டிய தாளில் கையெழுத்துப் போட்டு, பையிலிருந்த ரப்பர் சீலை எடுத்து, மேசை அதிரக் குத்தினார்.

அன்று மாலை ஹில்டா அக்காவிடம் விஜயகலாவே போய்ச் சொன்னாள். ஹில்டா அக்கா திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "மொகத்தக் காட்டாமலே போயிட்டாரேடி" என்று மட்டும் சொல்லிவிட்டு, நனைந்த விறகை அடுக்கிக்கொண்டிருந்தாள். விஜயகலா அங்கேயே நின்று அழுது தீர்த்தாள். பிறகு கடைக்குப் போய், சீல் குத்திய தாளைப் பெட்டியின் பக்கத்தில், பழைய ஸ்டிக்கர் இருந்த அதே இடத்தில், நாலு ஓரமும் பசை தடவி ஒட்டினாள். அழிந்துபோன பாமினிக் கடிதங்களை எல்லாம், சனத்திடம் இருந்த பிரதிகளை வாங்கி, புது எழுத்தில் முதலிலிருந்து அடித்துச் சேர்க்க எட்டு மாதம் பிடித்தது.

அடுத்த வருஷம் ஆயுத பூஜைக்கு அழகமுத்து கடைப் பக்கமே போகவில்லை. காம்பரா வாசலில் கத்தியையும் உளியையும் வாளியையும் கழுவி வைத்துக்கொண்டிருந்தார். வாளியில் அந்த ஸ்டிக்கர் இன்னும் இருந்தது. அதன்மேல் ஒரு துளி படாமல், சுற்றிவர மட்டும் சந்தனம் தடவினார். கடையிலிருந்து வந்த விஜயகலாவுக்கு அதைப் பார்த்ததும் பற்றிக்கொண்டு வந்தது.

"இன்னுமா அத வச்சிருக்கீங்க? அதையும் சுரண்டி வீசுங்கப்பா! எதுக்கும் செல்லாத சனியன்!"

அழகமுத்து நிமிர்ந்து பார்த்தார். பின்னால் இருந்த காம்பராவைப் பார்த்தார். அவருடைய தாத்தா காலத்திலிருந்து குடியிருக்கும் காம்பரா. அதற்கு இன்றைக்கும் அவர் பெயரில் ஒரு துண்டுக் காகிதம் இல்லை.

"இருக்கட்டும் கலா" என்றார். "இந்த வீட்டுல லைசென்சு உள்ளது இது ஒண்ணுதான்."